பானகத்தைக் கொட்டினவள்

அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் சின்ன வயதில் ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கும். பல்லன், ஒல்லிக்குச்சி, மூக்கொழுகி என்று ஏதாவது ஒன்று. அதை வைத்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு மறந்திருக்கும். எனக்கு வைத்த பெயரை மட்டும் எங்கள் குப்பத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏம்மே, நீ அந்தப் பானகத்தைக் கொட்டுனவ தானே?"

"ஆமா, நாந்தான். இன்னா இப்போ?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது. நான் கொட்டியது ஒரு சொம்புப் பானகம். கப்பல் நிறையச் சரக்கைக் கவிழ்த்தவன் பெயரைக்கூட ஊர் இதற்குள் மறந்திருக்கும்.

எங்கள் குப்பம் திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது ஈசிஆர் ரோட்டில் காரில் போகிறவர்களுக்கு அது ஒரு ரிசார்ட்டின் பின்பக்கம். அப்போது அந்த ரோடும் இல்லை, ரிசார்ட்டும் இல்லை. மேற்கே சவுக்குத் தோப்பு, கிழக்கே கடல், நடுவில் நாங்கள். எங்களுக்கென்று ஒரு பஜனைக் கோயில். அந்தக் கோயிலுக்குள் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள், வெள்ளை வேட்டியில் சுற்றி, சிங்கமுகம்.

முகமூடி என்று வாய்தவறிச் சொன்னால் முதுகில் ஒன்று விழும். 'முகம்' என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ கடலுக்குப் போன ஒருவர் திரும்பாமல், அவருடைய கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியதாம். அந்த மரத்தில் ஒரு துண்டை எடுத்துச் செதுக்கிய நரசிம்மர். சிவப்பு நெற்றி, பனைநாரில் பிடரி, நெஞ்சு வரை தொங்கும் துணி நாக்கு. பல் மட்டும் சுறாப்பல், நிஜப் பல், வரிசையாகப் பதித்தது. மற்ற ஊர் நரசிம்மருக்கெல்லாம் சிங்கப்பல் இருக்கலாம். கடற்கரைக்கு வந்த சாமி கடற்கரைக்காரராகத்தானே ஆக வேண்டும்.

அந்த முகத்தைப் போட்டு ஆடும் முறை எங்கள் நைனாவுடைய குடும்பத்துக்கு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வருடத்தில் மற்ற நாளெல்லாம் நைனா ரொம்பச் சாதுவான மனிதர். அம்மா கத்தினால் வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். வைகாசி மாதத்தில் ஒரு நாள் மட்டும் காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு சிங்கமாக வெளியே வருவார். அதுதான் எங்கள் இரணியன் கூத்து. இரணியனைப் பகலிலும் கொல்லக் கூடாது, இரவிலும் கொல்லக் கூடாது என்ற வரம் உங்களுக்குத் தெரியும். அதனால் சூரியன் சவுக்குத் தோப்புக்குள் இறங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் தூண் பிளக்கும்.

இதில் சில சட்டதிட்டங்கள் உண்டு. கதைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

முகத்தைக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் யாருக்கும் யாரும் இல்லை. உறவு சொல்லியோ பேர் சொல்லியோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சாமி பாதியிலேயே இறங்கிப் போய்விடும், கோபம் மட்டும் அந்த உடம்பில் தங்கிவிடும், அந்த வருடம் கடல் காயும். அடுத்தது கயிறு. சாமியின் நெஞ்சுக்குக் கீழே ஒரு கயிற்றைச் சுற்றி, பின்னால் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் அந்தக் கயிறு நழுவி, இரணியனாகப் படுத்திருந்தவர் வயிறு நிஜமாகவே கிழிந்துவிட்டதாம். அதனால் தலைக்கயிற்றை யார் பிடிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆடுகிறவருடைய மனைவியின் தம்பியோ அண்ணனோதான் பிடிக்க வேண்டும். ஏதாவது ஆனால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள் என்பதால் ஒழுங்காகப் பிடிப்பான் என்பது ஊரின் நம்பிக்கை. மற்ற மூன்று பேரும் தலைக்கயிறு எப்படியோ அப்படி.

கடைசியாகப் பானகம். இரணியனைக் கொன்ற பிறகும் சாமிக்குக் கோபம் அடங்காது. வயதுக்கு வராத ஒரு பிள்ளை, பிரகலாதனாக நாமம் போட்டுக்கொண்டு, ஒரு சொம்புப் பானகத்தை நீட்டி, "சாமி, தாகம் தீத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். சாமி வாயில் அது பட்ட பிறகுதான் முகத்தை அவிழ்க்கலாம்.

அந்த வருடம் பிரகலாதன் நான். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கயிறு என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. இரணியன் அந்த மாமாவின் மகன். பதினெட்டு வயது. மீசை சரியாக முளைக்காததால் மையில் வரைந்துகொண்டவர். இன்றைக்கு அவர் என் வீட்டுக்காரர். காப்பி ஆறிப்போயிருந்தால் போடுகிற சத்தத்தைப் பார்த்தால் இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை என்றுதான் தோன்றும்.

ஒரு மாதம் ஒத்திகை பார்த்தேன். அடியில் சின்ன நசுங்கலோடு ஒரு பித்தளைச் சொம்பு எங்கள் வீட்டில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, என் முகமே அதில் அகலமாகத் தெரியும். அதில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஆட்டுக்குட்டிக்கு, கோழிக்கு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு என்று எல்லோருக்கும் தாகம் தீர்த்தேன். "போதும்டி, குட்டிக்கு வவுறு ஊதிடப் போவுது" என்று அம்மா கத்துவாள்.

அம்மாவுக்கும் அந்த வருடம் ஒரு வேலை இருந்தது. முகத்தில் வரைந்த கண்ணுக்கு ஓட்டை கிடையாது. உள்ளே இருப்பவர் பார்ப்பதும் மூச்சு விடுவதும் திறந்திருக்கும் வாய் வழியாகத்தான். உள்ளே இருக்கும் ஆள் வெளியே தெரியாமல் இருக்க, அந்த வாய்க்குள் மை தோய்த்த பழைய வலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த வருடம் பெட்டியைத் திறந்தால் எலி அதைக் கடித்துக் குதறியிருந்தது. கூத்துக்கு முன்னால் புதிதாகக் கண் எழுதும் வரைக்கும் அது வெறும் மரம்தான், பொம்பளைகள் தொடலாம். அம்மா தான் தைத்துத் தருவதாகச் சொன்னாள். சொன்னவள் பழையபடி வலைத் துண்டையே வைத்திருக்கலாம். "சாமி வாயில போயி கவிச்ச வலையா?" என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்துப் போய், கருஞ்சிவப்பு வெல்வெட்டுத் துணி வாங்கி வந்தாள். அதைத் தொட்டுப் பார்க்க தெருவே வந்தது. பூனைக்குட்டியைத் தடவுவது போல இருந்தது. இரண்டு மடிப்பாக மடித்து, நெருக்கமாகத் தையல் போட்டு, வாயை அழகாக மூடினாள். எல்லோரும் பார்த்து, "பெருமாளுக்கு இப்பத்தான் களை வந்துச்சி" என்றார்கள். முகத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நைனாவும் மாமாவும் கடலில் ஜோடி. இரண்டு கட்டுமரம், நடுவில் ஒரே வலை. அலைச் சத்தத்தில் அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கையால்தான். முஷ்டியைக் காட்டினால் இழு. இரண்டு கையையும் விரித்தால் ஒன்றுமில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டை இரண்டு தரம் உதறினால், கயித்தை வுடு. காலையில் கரையில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டே தூரத்தில் தெரியும் அந்தக் கைகளைப் படிப்பதுதான் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு. நைனாவின் கை எழும், அடுத்த நொடி மாமாவின் கை கயிற்றை விட்டிருக்கும். மாமா ஒருநாளும் தாமதித்து நான் பார்த்ததில்லை.

கூத்து அன்றைக்கு நல்ல புழுக்கம். காற்றே இல்லை. மத்தளமும் தாளமும் மத்தியானத்திலிருந்தே அடித்துக்கொண்டிருந்தன. கோயில் வாசலில் நான் நாமமும் பச்சைச் சட்டையுமாகச் சொம்போடு நின்றேன். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, மேலே துளசி. அந்த வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வாய் குடித்துவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன், சாமிக்குப் போவது எச்சிலாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

வெயில் தோப்புக்குப் பின்னால் இறங்கியது. இரணியன் காகிதத் தூணை எட்டி உதைத்தார். தூண் கிழிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அது நைனா என்று எனக்கு மறந்தே போனது. பனைநார்ப் பிடரி பறக்கிறது, விரலில் தகர நகம் மின்னுகிறது, சுறாப்பல்லுக்கு நடுவில் அந்த வெல்வெட்டுச் சிவப்பு. பொம்பளைகள் குலவை போட்டார்கள். நாலு ஆளும் கயிற்றோடு இழுபட்டார்கள். இரணியன் வாசற்படியில் வயிற்றைக் காட்டி மல்லாந்து படுத்தார். சாமி குனிந்தது, நகம் இறங்கியது, சாயத் தண்ணீர் பீச்சியது. ஊரே "கோவிந்தா" என்றது.

அதோடு முடிய வேண்டும். சாமி என் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஒரு கை முகத்தைப் பிடித்துப் பிறாண்டியது. "உக்கிரம் ஏறுது, இஸ்து புடி!" என்று யாரோ கத்தினார்கள். கயிறு இறுகியது. தகர நகம் மாட்டிய விரலால் பின்னந்தலை முடிச்சை எப்படி அவிழ்க்க முடியும்? சாமியின் கால்கள் மண்ணில் ஒரு தினுசாகப் பின்னின. மத்தளக்காரர் அதற்கேற்ற மாதிரி அடியை வேகமாக்கினார்.

அப்போது வலது கை தலைக்கு மேலே எழுந்தது. மணிக்கட்டு இரண்டு தரம் உதறியது.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சாமி அருள் கொடுக்கிறதாம். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கயிற்றை இன்னும் ஒரு சுற்று தன் கையில் சுற்றி இழுத்தார். கை மறுபடி எழுந்தது, மறுபடி உதறியது. மூன்றாம் தரம் பாதி உயரம்தான் எழுந்தது.

"நைனா!"

கத்தியது நான்தான். சொம்பு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. ஓடிப்போய் அவர் மேல் ஏறி, பனைநாரைப் பிடித்துத் தொங்கி, முகத்தை மேலே தள்ளினேன். சுறாப்பல் உள்ளங்கையையும் விரல் நுனிகளையும் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, ரேஷன் கடை மெஷினில் கைரேகை சரியாக விழாது. முகம் நழுவியதும் உள்ளே நைனாவின் வாய், மணலில் போட்ட மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது. உதடு நீலம். பிறகு ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், அந்தச் சத்தம் மத்தளத்தையே நிறுத்தியது.

நான் நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. மண்ணில் பானகம் ஊறிக்கொண்டிருந்தது. கோயில் பெரியவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "பானகத்தைக் கொட்டிட்டாளே பாவி! கோவம் அப்பிடியே நின்னுபோச்சே!"

அன்றைக்கு வீட்டில் துடைப்பக்கட்டை பிய்ந்தது. அடித்தது அம்மா. அடித்து முடித்து, அழுது முடித்து, அம்மா கோயிலுக்குப் போய் முகத்தை வாங்கி வந்தாள். பழுது பார்க்க வேண்டும் என்று சொன்னாளாம். வெல்வெட்டைத் தையல் பிரித்து, சுருட்டி, அடுப்பில் போட்டாள். எனக்கு முதுகு எரிந்துகொண்டிருந்ததால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக அந்தத் துணி எரிந்தது, எதற்காக அத்தனை அடி விழுந்தது என்று புரிய எனக்கே ஒரு மகள் பிறந்து, அவளை நானே ஒருநாள் காரணமில்லாமல் அடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. நான் மூன்று வெள்ளிக்கிழமை கோயில் வாசலைப் பெருக்க வேண்டும். கோபம் நைனாவின் உடம்பில் தங்கிவிட்டதால் அவர் நாற்பத்தொரு நாள் கடலில் கால் வைக்கக் கூடாது. இனி அந்த முகத்தைப் போடவும் கூடாது, முறை சித்தப்பாவுக்குப் போகும். "அது கைய ஆட்டுச்சி, கயித்த வுடுன்னு" என்று நான் சொன்னேன். "சாமி கைய ஆட்டுனா உனுக்கு கயிறா தெரியுதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் மாமாவைக் காட்டினேன். "மாமாவக் கேளுங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் ஒண்ணும் பாக்கல. என் கண்ணுக்கு சாமி தான் தெரிஞ்சுது."

நைனாவிடம் கேட்டார்கள். நைனா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சாமி வந்துட்டா மனுசனுக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?"

என் வயதுக்காரர்களே, நம்மை யாரும் நம்பாமல் போன முதல் நாள் நம் எல்லோருக்கும் ஒன்று உண்டு. எனக்கு அதுதான்.

இதைப் போய் எதற்கு ஆசையாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வந்த நாற்பத்தொரு நாள்தான் காரணம். விடியற்காலையில் எழுந்து கடலுக்குப் போகிற நைனாவை அதுவரை நான் தூங்கி வழிகிற மனிதராகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது முழு நாளும் அவர் கரையில், என்னோடு. என்னோடு யாரும் விளையாட வரவில்லை, அவரோடு யாரும் பேச வரவில்லை. இரண்டு பேரும் ஜோடி சேர்ந்துகொண்டோம்.

முதல் இரண்டு நாள் வலை பின்னினார். மூன்றாம் நாள் பின்னுவதற்கு வலை இல்லை. "பாப்பா, சைக்கிள் ஓட்டக் கத்துக்கலாமா?" என்றார். கத்துக்கொள்ள வேண்டியது நான் இல்லை, அவர். கடலில் ஒரு மரத்தின் மேல் நின்றுகொண்டே போகிறவருக்குத் தரையில் இரண்டு சக்கரத்தின் மேல் உட்காரத் தெரியாது. மாமல்லபுரத்தில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தோம். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். "வுட்டுடாத பாப்பா, வுட்டுடாத" என்று கத்திக்கொண்டே போவார். சவுக்குத் தோப்பில் ஒரு மரம் விடாமல் முட்டினோம். ஒருநாள் கடற்கரைக் கோயில் பக்கம் போன வெள்ளைக்காரத் தம்பதியின் நடுவில் புகுந்து, மூன்று பேரும் மணலில் விழுந்தார்கள். அந்த வெள்ளைக்காரர் எழுந்து நைனாவுக்குக் கை கொடுத்தார். நைனா அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அத்தனை சிரிப்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, பாறைகளின் நிழலில் உட்கார்ந்து தோலை ஊதி ஊதித் தின்போம். செய்யூர்ப் பக்கத்து மல்லாட்டைதான் நைனாவுக்குப் பிடிக்கும், பல்லுக்கு இதமாக இருக்குமாம். ஒருநாள் அங்கேதான் கேட்டேன்.

"நைனா, அன்னிக்கி நீ கைய தூக்குனியே. கயித்த வுடுன்னு தானே?"

அவர் மல்லாட்டைத் தோலை ஒன்றொன்றாக மணலில் குத்தி வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா" என்றார். அப்புறம், "வா, சைக்கிளக் குடுக்கணும், நேரமாவுது" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. திரும்பும்போது கேரியரை வேண்டுமென்றே விட்டேன். அவர் விழவில்லை. தோப்பு முடியும் வரை தனியாக ஓட்டிக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்த பிறகுதான் விழுந்தார்.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அம்மாவிடம் பானகம் கரைக்கச் சொன்னார். அதே சொம்பு, அடியில் இப்போது இரண்டாவது நசுங்கல். என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், வெறும் முகத்தோடு.

"இப்ப சொல்லு" என்றார்.

"சாமி, தாகம் தீத்துக்கோ" என்றேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாள் கடலுக்குப் போனார்.

அந்த வருடம் மீன் குறைச்சல்தான். எல்லா வருடமும் ஏதோ ஒரு மாதம் குறைச்சல்தான். அந்த மாதத்துக்கு மட்டும் என் பெயரை வைத்தார்கள். பெயர் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். எந்தக் கல்யாணத்திலும் ஆரத்தித் தட்டை என் கையில் கொடுக்க மாட்டார்கள். வயது வந்தும் என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. வந்தது மாமா மட்டும். ரயில்வேயில் வேலை கிடைத்திருந்த மகனுக்கு எங்கெங்கிருந்தோ சம்பந்தம் வந்துகொண்டிருக்க, அதையெல்லாம் தள்ளிவிட்டு, தேங்காய் பழத் தட்டோடு வந்து, "என் அக்கா பொண்ண எங்க வூட்டுக்கே குடுங்க" என்று நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு பெரிய மனசு என்று நான் முப்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா போய்விட்டார், அம்மா போய்விட்டாள். சொம்பைச் சுனாமி கொண்டு போய்விட்டது. கூத்து மட்டும் ஜாம்ஜாமென்று நடக்கிறது. கார் நிறுத்த இடமில்லை, எல்லோர் கையிலும் செல்போன். இப்போது நைலான் கயிறு. முகத்தின் தாடைக்கு அடியில் வரிசையாக ஏழெட்டு ஓட்டை இருக்கிறது. நான் கொட்டியதற்கு அடுத்த வருடமே மாமா போட்டது அது. "சாமிக்கு மூச்சு வாணாமா?" என்று சொல்லித் துளைத்தாராம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த மாசியில் மாமாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். எண்பத்தெட்டு வயது. குப்பத்தில் ஒரே மணல் காற்று என்பதால் செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வருகிற மின்சார ரயில் சத்தத்தையெல்லாம் எண்ணிக்கொண்டு படுத்திருப்பார். ஒரு நாளைக்கு ஆறு தரம் சொட்டு மருந்து. நான்தான் இமையை விரலால் விரித்துப் பிடித்து விட வேண்டும். விட்டதும் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் காலையில், இமையை விரித்துப் பிடித்திருக்கிறேன். அந்தக் கண் நேராக என்னைப் பார்த்தது.

"பாப்பா. அன்னிக்கி நானும் பார்த்தேன்."

"என்னிக்கி மாமா? ஆடாதீங்க."

"உங்க நைனா கைய."

இமையிலிருந்து விரலை எடுத்து, மருந்துக் குப்பியை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"கடல்ல அந்தக் கைய பாத்தா நான் யோசிக்கவே மாட்டேன் பாப்பா. கயிறு தானா வுட்டுரும். அன்னிக்கி மொத வாட்டி தூக்குனப்பவே தெரிஞ்சுபோச்சி. இது சாமி இல்ல, மச்சான்னு."

"அப்புறம் இன்னாத்துக்கு இஸ்தீங்க?"

"ஒருவேள சாமியா இருந்துட்டா?" அவர் குரல் இறங்கியது. பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளாற குந்திகினு கீறானே, அவன் வவுத்தக் காட்டிகினு மச்சான் கால்கிட்ட படுத்துகினு இருந்தான். கயித்த வுட்டு, அது சாமியா இருந்தா எம்புள்ள செத்தான். வுடாம, அது மச்சானா இருந்தா மச்சான் செத்தாரு. கை எம்புள்ள பக்கம் இஸ்துடுச்சி பாப்பா."

"பஞ்சாயத்துல நான் உங்களைத்தானே கை காட்டுனேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? மொகத்துக்குள்ள சாமி இல்ல, எம்மச்சான் தான்னு எனக்குத் தெரியும்னா? ஊரு எத்த நம்பும் அப்புறம்? உங்க நைனாவே சொல்லலியே."

"நைனாவுக்குத் தெரியுமா, நீங்க பார்த்தது?"

மாமாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நாப்பத்தொரு நாள் கழிச்சி கடலுக்கு வந்தாரு. நடுக்கடல்ல, வலை நல்லா நின்னுகினு இருக்குது, ஒரு காரணமும் இல்லாம அந்தக் கைய தூக்கி ரெண்டு ஒதறு ஒதறுனாரு. நான் பட்டுனு கயித்த வுட்டேன். வலை போவுது ஒரு பக்கம். அவுரு என்னையே பாத்துகினு நின்னாரு. அப்புறம் சிரிச்சாரு. ரெண்டு பேரும் நீந்திப் போயி வலையப் புடிச்சோம். சாவுற வரைக்கும் அதப் பத்தி அவுரும் பேசல, நானும் பேசல."

ஆக, மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு ஆம்பளைகள் சாமியைக் காப்பாற்றிக்கொண்டார்கள், பெயரை நான் சுமந்தேன். வாயில் வந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பாவத்தக் கழிக்கத்தான் என்னை மருமவளா கேட்டு வந்தீங்களா?"

மாமா உடனே பதில் சொன்னார். பொய் சொல்லப் பழகிய மனிதர் இல்லை, ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார்.

"மொதல்ல அதுக்குத்தான் வந்தேன். அப்புறம் உங்கையால காணாங்கத்த மீன் கொழம்பு சாப்ட்டு அதெல்லாம் மறந்துபோச்சி."

உள்ளே இரணியன் டிவி சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கு அந்தக் கயிறு நழுவியிருந்தால் எனக்கு இந்த மனிதர் இல்லை, என் மகள் இல்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் நைனா இல்லை, அந்தச் சைக்கிள் இல்லை. யாரைத் திட்டுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கோவமா பாப்பா?" என்றார் மாமா.

நான் மறுபடி இமையை விரித்துச் சொட்டு மருந்தை விட்டேன். "கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது."

மூடிக்கொண்டார். நான் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து, சத்தம் வராமல், பத்து வயதில் அழ விட்டுப்போனதையெல்லாம் அழுதேன். ஒரு ரயில் போனது, இன்னொன்றும் போனது. அவருக்குக் கணக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது ஐந்து நிமிடம். அன்றைக்கு மட்டும் நான் அதைப் பதினைந்தாக்கினேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தொறங்க மாமா" என்றேன்.